கல்லிடைக்குறிச்சி குட்ஷெட் அப்பளத்துக்காகக் கட்டியதா?

ஒரு வாசகர் கேட்டது, ஜூன் 4

கல்லிடைக்குறிச்சி ரயிலடியில் முன்பு ஒரு குட்ஷெட், அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் கொட்டகை, இருந்ததாம். ஊர் அப்பளம் வெளியூர் போவதற்கென்றே வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்தான், அகலப்பாதை போட வந்தவர்கள் அதை ஒழித்துவிட்டார்கள் என்று எங்கள் பெரியம்மா சொல்வாள். யாருக்காவது விவரம் தெரியுமா?

ஜூன் 4, இரவு

இரண்டுமே தப்பு. அப்பளத்தை குட்ஸ் வேகனில் ஏற்றினால் இறங்கும்போது அப்பளப்பொடிதான் இறங்கும். நம் ஊர் அப்பளம் பயணிகள் வண்டியில் பார்சலாகப் போனது. அதைவிட அதிகமாக, லீவுக்கு வந்து திரும்புகிற பம்பாய்க்காரர்கள் பெட்டியில் துணிகளுக்கு நடுவே போனது. குட்ஷெட் சமாச்சாரம் வேறு. அகலப்பாதை வருவதற்கு வெகுகாலம் முன்பே அது செத்துப்போனது. கொன்றது லாரி. மீதியை நாளை எழுதுகிறேன், இங்கே கரண்ட் இல்லை.

ஜூன் 5, காலை

முதலில் தேதிகளை வைத்துவிடுகிறேன். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது 1876 ஜனவரி 1-ல். மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை. தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு அப்போது கண் முழுக்கத் தூத்துக்குடித் துறைமுகத்தின் மேல்தான். பஞ்சு கப்பலேற வேண்டும், கொழும்புக்கு ஆள் போக வேண்டும். ஆற்றோரம் நெல் விளைகிற நம் பக்கம் அவர்கள் திரும்பிப் பார்க்க 26 வருஷம் ஆனது. அதுவரை எல்லாம் மாட்டுவண்டி.

1902 ஜூன் 1-ல் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1903 ஆகஸ்ட் 1-ல் செங்கோட்டை. 1904 நவம்பர் 26-ல் மலையைக் குடைந்து புனலூரைத் தொட்டு, கொல்லம் பாதையோடு சேர்ந்துவிட்டது. கவனித்தீர்களா? நடுவில் ஒரு வருஷம் கல்லிடைதான் கடைசி ஸ்டேஷன். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. அம்பாசமுத்திரத்துக்காரர்கள் தாமிரபரணியைத் தாண்டி நம் ஊருக்கு வந்துதான் ரயிலேற வேண்டும். அம்பைக்காரர் யாராவது படித்தால் கோபப்பட வேண்டாம், நூற்றுச்சொச்சம் வருஷம் ஆச்சு.

கடைசி ஸ்டேஷன் என்றால் சரக்கு குவியும். பாபநாசம், ஆழ்வார்குறிச்சி, கடையம் என்று மேற்கே போகிற எல்லாச் சரக்கும் அங்கே இறங்கி வண்டி மாறியாக வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் நம் ரயிலடி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. மாட்டுச் சாணியும் கரிப்புகையும் கலந்த ஒரு வாசனை.

ஜூன் 5, மதியம்

ஒரு வருஷம் இல்லையாம், 14 மாதமாம். அண்ணாச்சி ஒருவர் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிட்டார். சரிதான். கடைசி ஸ்டேஷன் பெருமையில் இரண்டு மாதம் கூடினால் எனக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 7

"அப்பளம் இல்லையென்றால் மில்லுக்காக வந்தது, ஹார்வி மில் இல்லாவிட்டால் இந்தப் பாதையே கிடையாது" என்று ஒருவர். அவர் சொல்லும் ஹார்வி மில், விக்கிரமசிங்கபுரத்து நூல் மில், 1880-களிலேயே வந்துவிட்டது. பாபநாசத்து ஆற்றுத் தண்ணீரின் விசையில் ஓடிய மில். ரயில் அம்பையைத் தொட்டது 1903-ல். ஏறத்தாழ இருபது வருஷம் பஞ்சுப் பொதியும் நூல் சிப்பமும் மாட்டுவண்டியில்தான் திருநெல்வேலிக்கும் மலையடிவாரத்துக்குமாகப் போய் வந்திருக்கின்றன. ரயில் வந்த பிறகு மில்லுக்கு லாபம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாதையின் நோக்கம் கொல்லம். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர், ஒரு துறைமுகம், மிளகு, தேங்காய். இந்தப் பக்கம் நெல், பஞ்சு, உப்பு. ஆரியங்காவு கணவாயில் வண்டி மாடு நுரை தள்ள ஏறிக்கொண்டிருந்த வியாபாரத்தை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றினார்கள். நாம் வழியில் இருந்த ஊர், அவ்வளவுதான். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், நாம், அம்பை என்று வரிசையாக ஸ்டேஷன். சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 8

சரி, குட்ஷெட்டுக்குள் போவோம். நான் பார்த்தது 1970-களின் முதல் பாதி. அப்பாவுக்குப் பலசரக்கு மொத்தக் கடை. வேகன் வந்திருக்கிறது என்று ரயிலடியிலிருந்து ஆள் வந்து சொன்னால், பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போவேன்.

தகரக் கூரை, தரை கல். கட்டடத்தைவிட அந்தத் தரையைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் வேகன் கதவு, மறு பக்கம் மாட்டுவண்டியின் பலகை, இரண்டுக்கும் சரிமட்டமாக நடுவில் தரை. அதனால் யாரும் மூடையைக் கீழேயிருந்து தூக்க வேண்டாம். முதுகில் வாங்கி, நடந்து, சாய்த்தால் போதும். கட்டிய மகராசன் யாரோ, முதுகெலும்பு என்றால் என்னவென்று தெரிந்தவன்.

வேகன் கதவில் கம்பி முறுக்கி ஈயச் சீல் வைத்திருக்கும். கூட்ஸ் கிளார்க் வந்து சீல் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகுதான் அறுக்கலாம். கதவு திறந்தால் முதலில் வருவது சரக்கு இல்லை, சூடு. நாலைந்து நாள் வெயிலில் பூட்டிக் கிடந்த சாக்கு வாசனையோடு முகத்தில் அடிக்கும். லோடுமேன்கள் தலைத்துண்டை முதுகில் விரித்துக்கொண்டு, வலது கையில் கொக்கியோடு நிற்பார்கள். மரப்பிடி போட்ட சின்னக் கொக்கி. மூடையின் காதுப் பக்கம் ஒரு குத்து, ஒரு இழுப்பு, மூடை முதுகில். நூறு கிலோ. "ஏலே, கொக்கி பக்கம் வராத" என்று அப்பா என்னைத் தராசுப் பக்கம் தள்ளிவிடுவார். தராசுக்காரர் என்னை ஏற்றி நிறுத்தி எடை சொல்வார். ஒரு தடவை 24 கிலோ. "கால் மூடை கூட இல்ல, பையன் ரிட்டர்ன்" என்றார்.

ஒவ்வொரு மூடையிலும் கறுப்பு மையில் குறி இருக்கும். எங்கிருந்து, எங்கே, யாருக்கு. அப்பா குத்தூசியால் இரண்டு மூடையைக் குத்தி உள்ளங்கையில் பருப்பை வாங்கி ஊதிப் பார்ப்பார். பிறகுதான் வண்டியில் அட்டி போடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆர்.ஆர். ரயில்வே ரசீது. அந்தக் காகிதம்தான் சரக்கு. அனுப்புகிறவன் சரக்கை ரயிலில் ஏற்றிவிட்டு ஆர்.ஆரைத் தன் பேங்க் வழியாக இங்கே அனுப்புவான். இங்கே பேங்கில் பணம் கட்டினால்தான் ஆர்.ஆர். கைக்கு வரும், ஆர்.ஆரைக் காட்டினால்தான் சரக்கு கைக்கு வரும். முன்பின் பார்த்திராத இரண்டு வியாபாரிகள் ஒருவரை ஒருவர் நம்பாமலேயே வருஷக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்ய முடிந்தது இதனால்தான்.

அதில் 'சைட் டு கன்டெய்ன்' என்று ஒரு வாசகம் வரும். உள்ளே இருப்பது பருப்பு என்று நீ சொல்கிறாய், நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை, எங்களைக் கேட்காதே என்று அர்த்தம். அப்பா இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அம்மா குழம்பில் முருங்கைக்காய் போட்டிருக்கிறேன் என்பாள். கரண்டியால் துழாவிக்கொண்டே, "சைட் டு கன்டெய்ன்" என்பார்.

ஜூன் 8, இரவு

நேரம் கடந்து சரக்கெடுத்தால் கட்டுகிற அபராதத்துக்கு டெமரேஜ் என்று பெயர் என்று கீழே ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் காதைத் திருகிவிட்டார். வேகனைக் காலி செய்யாமல் நிறுத்தி வைத்தால் டெமரேஜ். இறக்கிய சரக்கை ஷெட்டிலேயே போட்டு வைத்தால் வார்ஃபேஜ். ஊரில் எல்லாரும் இரண்டையும் 'டேமேஜ்' என்றுதான் சொல்வார்கள், என் தப்பு அங்கேயிருந்து வந்தது.

அப்பா ஒரு தடவை வார்ஃபேஜ் கட்டியிருக்கிறார். குற்றம் முழுக்க எங்கள் வீட்டுடையது. பேங்கில் பணம் கட்டி ஆர்.ஆரை வாங்கிவந்தவர் அதை எங்கோ வைத்துவிட்டார். கடை, வீடு, அரிசிப்பானை வரை தேடியாயிற்று. ஆர்.ஆர். தொலைந்தால் முத்திரைத்தாளில் இன்டெம்னிட்டி பாண்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். முத்திரைத்தாள் வாங்கி, ஆள் பிடித்து, எழுதி, கையெழுத்துப் போடப் போகும்போது நல்ல நேரம் பார்க்கலாம் என்று பஞ்சாங்கத்தை எடுத்தார். அதற்குள்ளேயே இருந்தது. போன தடவை நல்ல நேரம் பார்த்தபோது வைத்தது.

ஜூன் 9

ரயில் என்று பேச்சு எடுத்தால் மணியாச்சி வராமல் இருக்குமா? வந்துவிட்டது. 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் அங்கே சுட்டது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாஞ்சி செங்கோட்டைக்காரர், புனலூர் பக்கம் வனத்துறையில் வேலை பார்த்தவர், அதாவது இதே பாதைக்காரர் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றதை வேறு இடத்தில் பேசுவோம். இங்கே பருப்பு மூடை.

ஜூன் 11

குட்ஷெட் எப்படிச் செத்தது என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

நம் பாதை மீட்டர்கேஜ், ஒரு மீட்டர் அகலம். வடக்கே பெரும்பாலான இடங்களில் அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். விஜயவாடாவில் ஏற்றுகிற மூடை சென்னை வரை அகல வண்டியில் வரும். அங்கே ஒவ்வொன்றாக இறக்கி மீட்டர்கேஜ் வேகனில் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு மூடைக்கு இரண்டு கொக்கிக் குத்து கூடுதல். கல்லிடைக்கு வந்து சேரும்போது சாக்கு மூலையில் ஓட்டை இருக்கும், வேகன் தரையில் பருப்பு சிதறிக் கிடக்கும். கூட்டிப் பெருக்கி எடுப்பதற்கென்றே இரண்டு கிழவிகள் துடைப்பத்தோடு நிற்பார்கள். 1981-ல் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரை அகலப்பாதை வந்துவிட்டது, நம் பாதை அப்படியே மீட்டரில் நின்றது. ஒரே ஜங்ஷனில் இரண்டு அளவுத் தண்டவாளம்.

அப்புறம் 1980-களில் ரயில்வே தன் வியாபாரத்தையே மாற்றிக்கொண்டது. ஒற்றை வேகன், இரண்டு வேகன் என்று ஊர் ஊராகக் கழற்றிவிட்டு, மறுபடி கோத்து, ஷண்டிங் அடித்துப் போவது கட்டுப்படியாகவில்லை. ஏற்றுமிடத்திலிருந்து இறக்குமிடம் வரை முழு ரயிலாகப் போ என்று முடிவு. தாழையூத்து சிமென்ட் ஆலை மாதிரி இடத்துக்கு அது சரி. நாற்பது மூடை உளுந்து வரவழைக்கிற கடைக்காரன் முழு ரயிலுக்கு எங்கே போவான்? அந்த முடிவோடு நம் மாதிரி ஊர்களின் குட்ஷெட்டுக்கு வேலை இல்லாமல் போனது. கிளார்க்கை எடுத்தார்கள், கதவைச் சாத்தினார்கள், தகரம் துருப்பிடித்தது. இந்தப் பாதை அகலமாகித் தென்காசி வரை வண்டி ஓடியது 2012-ல், மலை தாண்டிப் புனலூர் வரை 2018-ல். அதற்குள் ஷெட் செத்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பெரியம்மா பார்த்தது பிணத்தை எடுத்துக்கொண்டு போனதை.

ஆகவே முதல் நாள் எழுதியதைத் திருத்துகிறேன். கொன்றது லாரி இல்லை, ரயில்வே.

ஜூன் 12

குட்ஷெட் என்ற பெயரைப் பற்றி ஒன்று. எனக்கு ஆங்கிலப் பாடம் ஆரம்பித்த வருஷம், 'குட்' என்றால் நல்ல என்று வாத்தியார் சொன்னதும் நான் எழுந்து, "அப்ப குட்ஷெட் பக்கத்துல இருக்கிற இன்னொரு ஷெட்டு கெட்ட ஷெட்டா சார்?" என்று கேட்டேன். கும்ப்ஸ் ஷெட்டில் கேங்மேன்கள் சாமான் வைத்திருப்பார்கள், அதைத்தான் சொன்னேன். அடி விழவில்லை, வாத்தியாரும் ரயிலடித் தெருதான்.

ஜூன் 12, கொஞ்ச நேரம் கழித்து

'கும்ப்ஸ் ஷெட்' என்று கைபேசி என்னத்தையோ அடித்திருக்கிறது. அப்படி ஒரு ஷெட் கிடையாது. பக்கத்து ஷெட் என்று படித்துக்கொள்ளவும். ரயில் வரலாற்றில் இதுவும் ஏறிவிடப் போகிறது.

ஜூன் 13

அரிசி வெளியே போகவில்லையா என்று கேட்டவருக்கு: போனது. மாசி, பங்குனியில் பிசான அறுப்பு முடிந்தால் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து நெல் முழுக்கச் சந்தைக்கு வரும். ஆனால் நான் பார்த்த காலத்தில் அரிசியை இஷ்டத்துக்கு ஊர் தாண்டி அனுப்ப முடியாது, கட்டுப்பாடு. குட்ஷெட் வழியாகப் போனது கணக்கில் வந்த அரிசி. கணக்கில் வராத அரிசி கொல்லம் பாசஞ்சரில் போனது. சீட்டுக்கு அடியில், கூடைக்குள், இடுப்பில். வயிறு பெருத்த பெண்கள் செங்கோட்டை தாண்டியதும் மெலிந்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அந்த அரிசிக்கு ஆர்.ஆரும் இல்லை, வார்ஃபேஜும் இல்லை.

ஜூன் 16

இரண்டு நாள் எழுதவில்லை. பரணில் அப்பாவின் சிட்டை, கடைக் கணக்குப் புத்தகம், இருக்குமே என்று ஏறினேன், தும்மல் இன்னும் நிற்கவில்லை. சிவப்புத் துணி அட்டை, நீளவாக்கில் கட்டியது. மூன்று கிடைத்தன.

1974 சிட்டையில் பக்கத்துக்குப் பக்கம் ஆர்.ஆர். எண், வேகன் எண், ஏற்றுகூலி இறக்குகூலி, வண்டி வாடகை. அப்பா கையெழுத்து, எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து காற்றடித்த நாற்று மாதிரி. 1977-ல் ஆர்.ஆர். குறைகிறது. நடுவே 'லாரி' என்று ஒரு வரி, பிறகு இன்னொரு வரி. 1979 சிட்டையில் ஆர்.ஆர். என்ற சொல்லே இல்லை. முழுக்க லாரி வாடகை, டிரைவர் படி, டீ.

இதே அப்பாதான் 1980-களில் திண்ணையில் உட்கார்ந்து, "குட்ஷெட்ட மூடிட்டான் பாத்தியா, ஊரு அழிஞ்சு போச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதை அப்படியே நம்பி உங்களிடம் 11-ம் தேதி ரயில்வே கொன்றது என்று தீர்ப்பு எழுதினேன். ரயில்வே கைவிடுவதற்கு முன்பே இவர் ரயிலைக் கைவிட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. லாரி ராத்திரி ஏற்றினால் கடை வாசலிலேயே வந்து இறக்கும். சாக்கு கிழியாது, சென்னையில் மாற்றி ஏற்ற வேண்டாம், ஆர்.ஆரைத் தொலைக்க வழியே கிடையாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் லோடுமேன்களுக்கு அப்போது என்ன சொன்னார் என்று கேட்க நினைக்கிறேன், கேட்க அவர் இல்லை. அவர்களுடைய மேஸ்திரி கடைசிவரை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா வேட்டி எடுத்துக் கொடுப்பார். வருஷம் தவறினதில்லை. அந்த வேட்டி எதற்கு என்று இப்போது வேறு மாதிரி யோசனை ஓடுகிறது.

ஜூன் 17

இன்னொன்று, இது கேள்வி கேட்டவருக்கு.

நேற்று ராத்திரி 1974 சிட்டையை மறுபடி புரட்டினேன். ரயிலில் வந்து இறங்கிய சரக்கில் துவரை இருக்கிறது, மல்லி, வத்தல் இருக்கிறது. எல்லாவற்றையும்விட அதிகம் உளுந்து. ஒரு வேகன் வந்த மூன்றாம் நாளே காலி. அதற்கு எதிரே வாங்கினவர்கள் பட்டியல். தெருப்பெயர் போட்டு, வீட்டு அடையாளம் போட்டு, அரை மூடை, கால் மூடை. கடைகள் இல்லை, முழுக்க வீடுகள். வருஷச் சாப்பாட்டுக்கு எந்த வீட்டிலும் ஐம்பது கிலோ உளுந்து வாங்க மாட்டார்கள். அப்பளம் இடுகிற வீடுகள்.

அப்பளம் குட்ஷெட்டிலிருந்து போகவில்லை, அதில் மாற்றமில்லை. அப்பளமாக ஆகப்போகிற உளுந்து அந்த ஷெட் வழியாகத்தான் வந்திருக்கிறது. பெரியம்மாவிடம் பாதி வாபஸ் என்று சொல்லிவிடுங்கள்.

கூடவே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். பட்டியலில் 'அக்ரஹாரம், கிணற்றடி வீட்டு அம்மாள், உளுந்து அரை மூடை' என்று ஒரு வரி. பக்கத்தில் 'பாக்கி' என்று போட்டு அடிக்கோடு. அடுத்த இரண்டு சிட்டையிலும் அது தீர்ந்ததாக இல்லை. பெரியம்மா வீட்டில் கிணறு எந்தப் பக்கம்?